எல்எல்எம் முடித்தால் அங்கேயே வழக்கறிஞராகிவிட முடியுமா? பட்டம், உரிமம், விசா: ஒரு விளக்கம்

சொந்த நாட்டில் சட்டம் படித்துவிட்டு, எல்எல்எம் என்ற சட்ட முதுகலைப் படிப்புக்கு அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ கனடாவுக்கோ போக நினைப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எல்எல்எம் முடித்தால் அங்கேயே வேலை கிடைக்குமா? ஒருவர் "தாராளமாகக் கிடைக்கும்" என்பார். இன்னொருவர் "அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது" என்பார். இருவர் சொல்வதும் அவரவர் அனுபவத்தில் உண்மை. ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

1. வழக்கறிஞராகத் தொழில் செய்ய உரிமம் தருவது யார்?
2. அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்க அனுமதி தருவது யார்?
3. வேலைக்கு ஆள் எடுப்பது யார், எந்த மாதத்தில் எடுக்கிறார்கள்?

முதலாவது நீதிமன்றத்தின் அல்லது வழக்கறிஞர் ஒழுங்குமுறை அமைப்பின் கையில் இருக்கிறது. இரண்டாவது குடியேற்றத் துறையின் கையில். மூன்றாவது சட்ட நிறுவனங்களின் கையில். கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகத்தின் கையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. இந்த மூவருக்கும் தனித்தனி நாள்காட்டி உண்டு என்பதும், அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதும் பலருக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது. அதனால் வெளிநாட்டு மாணவர்கள் மிகுதியாகப் போகும் அமெரிக்காவை முதலில் விரிவாகப் பார்த்துவிட்டு மற்ற நாடுகளுக்கு வருவோம்.

## ஜேடி வேறு, எல்எல்எம் வேறு

அமெரிக்காவில் வழக்கறிஞர் ஆவதற்கான படிப்பு ஜேடி. ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் பெற்ற பிறகு மூன்று ஆண்டு படிக்க வேண்டியது. எல்எல்எம் என்பது சட்டம் படித்தவர்களுக்கான ஓராண்டு முதுகலைப் படிப்பு. முதுகலை என்றதும், ஜேடியைவிடப் பெரிய பட்டம், சந்தையில் மதிப்பும் கூடுதலாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. வேலைச் சந்தையில் நிலைமை நேர்மாறானது. அமெரிக்க மாணவர்கள் ஜேடி முடித்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வரிச் சட்டம் போன்ற சில துறைகளில்தான் அவர்கள் எல்எல்எம் பக்கம் வருகிறார்கள். பொதுவான எல்எல்எம் வகுப்பில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள். ஆகவே "ஜேடி தேவை" என்று ஒரு வேலை விளம்பரம் சொன்னால், "எனக்கு அதைவிட மேலான பட்டம் இருக்கிறது" என்ற வாதம் அங்கே எடுபடாது.

அங்கீகார விஷயத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் சட்டப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தருவது ஜேடி படிப்பைப் பார்த்துத்தான். எல்எல்எம் படிப்பால் ஜேடியின் தரம் கெடாது என்று உறுதி செய்துகொண்டு அதை நடத்த இசைவு தருகிறதே தவிர, எல்எல்எம் படிப்பை அது தனியாக அங்கீகரிப்பதில்லை. இதன் விளைவு மாணவரின் பணப்பையைத் தொடுகிறது. ஜேடி பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு, என்ன வகை வேலை கிடைத்தது என்ற கணக்கைப் பட்டம் பெற்ற 10 மாதத்தை வைத்து ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். எல்எல்எம் பட்டதாரிகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பள்ளியின் விளம்பரத்தில் "90 விழுக்காட்டுக்கு மேல் வேலை" என்ற எண்ணைப் பார்த்தால், அது யாருடைய எண் என்று முதலில் கேளுங்கள். அநேகமாக அது ஜேடி மாணவர்களுடையதாக இருக்கும். முன்னணிப் பள்ளிகளில் எல்எல்எம் கல்விக் கட்டணம் மட்டுமே 75,000 டாலரைத் தாண்டும் காலத்தில், இவ்வளவு பணம் வாங்கும் படிப்புக்கு இந்தக் கணக்கைக் கட்டாயமாக்காமல் விட்டிருப்பது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

## உரிமம்: நியூயார்க் விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமத்தை மாநிலங்கள் தருகின்றன. நாடு முழுவதற்குமான ஒரே உரிமம் கிடையாது. உரிமத்துக்கான தேர்வை (பார் தேர்வு) எழுத வெளிநாட்டில் படித்தவர்களைப் பெருமளவில் விடும் மாநிலம் நியூயார்க். அங்கே இதற்கான விதியின் எண் 520.6. எல்எல்எம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பது இந்த விதியைப் படித்தால்தான் விளங்கும்.

வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை நியூயார்க் இரண்டு அளவுகோல்களால் அளக்கிறது. ஒன்று, கால அளவு: அமெரிக்கச் சட்டப் படிப்புக்கு இணையான நீளம் கொண்டதா? இரண்டு, உள்ளடக்கம்: ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் (நீதிமன்ற முன்தீர்ப்புகளைச் சார்ந்த மரபு) அமைந்த சட்டமுறையா? இந்த இரண்டையும் வைத்து நான்கு நிலைகள் வருகின்றன.

1. கால அளவும் சரி, உள்ளடக்கமும் சரி. பொதுச் சட்ட நாடு ஒன்றில் மூன்று ஆண்டு முழுநேரச் சட்டப் படிப்பு முடித்தவர் இந்த வகை. இவருக்குத் தேர்வெழுத எல்எல்எம் தேவையே இல்லை.
2. உள்ளடக்கம் சரி, கால அளவு குறைவு. இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கான இரண்டாண்டு எல்எல்பி இதற்கு எடுத்துக்காட்டு. இந்தக் குறையை எல்எல்எம் நிரப்பும்.
3. கால அளவு சரி, உள்ளடக்கம் வேறு. ஜெர்மனி, பிரான்ஸ், பிரேசில், ஜப்பான் போன்ற குடிமைச் சட்ட மரபு (தொகுத்து எழுதிய சட்டங்களைச் சார்ந்த மரபு) நாடுகளில் படித்தவர்கள். இவர்களுக்கும் எல்எல்எம் கைகொடுக்கும்.
4. இரண்டுமே குறைவு. இங்கே எல்எல்எம் உதவாது. ஒரு குறையைத்தான் அதனால் நிரப்ப முடியும், இரண்டை நிரப்ப முடியாது.

முதல் வகையில் வருபவர்கள் பலர், தேர்வெழுத எல்எல்எம் கட்டாயம் என்று நம்பிக் கடன் வாங்கிச் சேர்ந்துவிடுகிறார்கள். நான்காம் வகையில் வருபவர்கள், படித்து முடித்தபின் தேர்வு வாரியத்தின் கடிதத்தைப் பார்த்து அதிர்ந்து போகிறார்கள். இரண்டையும் தவிர்க்க ஒரு வழி உண்டு. நியூயார்க் சட்டத் தேர்வு வாரியத்திடம் தன் பட்டத்தை மதிப்பிட்டுச் சொல்லும்படி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் சான்றுகளைப் படித்த கல்லூரியே நேரடியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். கையில் இருக்கும் நகலை நாமே அனுப்பினால் செல்லாது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், எல்எல்எம் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே இதைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

குறையை நிரப்பும் எல்எல்எம்-க்கும் நிபந்தனைகள் உண்டு. குறைந்தது 24 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) வேண்டும். அதில் தொழில் நெறி 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்டமுறை அறிமுகம் 2, பார் தேர்வில் வரும் பாடங்கள் 6 என்று இருக்க வேண்டும். முழுக்க முழுக்க இணையவழியில் படித்த எல்எல்எம் இதற்கு ஆகாது. மனித உரிமை, சர்வதேச வணிகம் என்று பிடித்த பாடங்களாகவே எடுத்துக்கொண்டு, சட்ட எழுத்துப் பாடத்தைத் தவறவிட்டவருக்குப் பட்டம் கிடைக்கும். ஆனால் தேர்வெழுதும் தகுதி கிடைக்காது. பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்பும் முதல் வாரத்திலேயே இது தீர்மானமாகிவிடுகிறது.

## தேர்வும் அதன் கூடவே வருபவையும்

நியூயார்க்கில் இப்போது நடப்பது யுபிஇ எனப்படும் பொதுப் பார் தேர்வு. 2016 ஜூலையிலிருந்து அந்த மாநிலம் இதை நடத்துகிறது. ஜூலை மாதக் கடைசியிலும் பிப்ரவரி மாதக் கடைசியிலும் இரண்டு நாள் நடக்கும். முதல் நாள் 30 நிமிடத்துக்கு ஒன்றாக ஆறு கட்டுரைகளும், 90 நிமிடத்துக்கு ஒன்றாக இரண்டு செய்முறைத் தாள்களும். இரண்டாம் நாள் ஆறு மணி நேரத்தில் 200 கொள்குறி வினாக்கள். ஒரு வினாவுக்கு 108 வினாடி. அதற்குள் பத்து வரிச் சம்பவத்தைப் படித்து, ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் சட்ட அறிவுக் குறைவு அல்ல, இந்த 108 வினாடிதான். 400-க்கு 266 எடுத்தால் நியூயார்க்கில் தேர்ச்சி.

முதல் முறை எழுதும் அமெரிக்க ஜேடி பட்டதாரிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜூலைத் தேர்வில் தேறுகிறார்கள். வெளிநாட்டில் படித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் தேறுகிறார்கள். 24 கிரெடிட்டில் ஒப்பந்தம், தீங்கியல், அரசியலமைப்பு, குற்றவியல், சாட்சியம், அசையாச் சொத்து, உரிமையியல் நடைமுறை ஆகிய எல்லாவற்றையும் படித்துவிட முடியாது. மிச்சத்தை மே மாதத்திலிருந்து ஜூலை வரை, எட்டுப் பத்து வாரம், தனியார் பயிற்சி வகுப்புகளில்தான் படிக்கிறார்கள். அதற்குத் தனிச் செலவு. தேர்வுக் கட்டணத்திலும் வேறுபாடு உண்டு: அமெரிக்காவில் ஜேடி படித்தவருக்கு 250 டாலர், வெளிநாட்டில் படித்தவருக்கு 750 டாலர்.

தேறியதும் உரிமம் வந்துவிடாது. தொழில் நெறித் தேர்வில் 85 மதிப்பெண், நியூயார்க் சட்டம் பற்றிய இணையவழிப் பாடமும் தேர்வும், 50 மணி நேரக் கட்டணமில்லாச் சட்ட சேவை, இவற்றோடு தொழில் திறன் நிபந்தனை ஒன்றும் உண்டு. சொந்த நாட்டில் உரிமம் பெற்று ஓராண்டு முழுநேரம் பணியாற்றியவருக்கு அந்த நிபந்தனை பெரிய தொல்லை இல்லை. கல்லூரியிலிருந்து நேரே எல்எல்எம்-க்கு வந்தவர் ஆறு மாத மேற்பார்வைப் பயிற்சி போன்ற வேறு வழியைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு எல்எல்எம் போவது நல்லது என்று மூத்தவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலிஃபோர்னியாவின் வழி வேறு. வேறொரு நாட்டில் ஏற்கெனவே உரிமம் பெற்ற வழக்கறிஞர் அங்கே எல்எல்எம் இல்லாமலே பார் தேர்வு எழுதலாம். உரிமம் இல்லாமல் வெறும் சட்டப் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்குத்தான் எல்எல்எம் தேவைப்படுகிறது. மற்ற மாநிலங்களில் பல, வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பதே இல்லை. இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும்: யுபிஇ-க்குப் பதிலாக நெக்ஸ்ட்ஜென் என்ற புதிய தேர்வு 2026 ஜூலையில் சில மாநிலங்களில் தொடங்குகிறது. நியூயார்க் 2028 ஜூலையில் அதற்கு மாறவிருக்கிறது. அப்போது எழுதப்போகிறவர்கள் பழைய பயிற்சிப் புத்தகங்களை நம்பக் கூடாது.

## ஆகஸ்டில் வருபவருக்கு முன்பே மூடிய வாசல்

உரிமத்துக்கான வழி தெரிந்துவிட்டது. வேலை ஏன் கடினம்? தகுதியைப் பற்றிய சந்தேகத்தைவிட ஆள் எடுக்கும் முறைதான் இதற்குப் பெரிய காரணம்.

பெரிய சட்ட நிறுவனங்கள் புதிய வழக்கறிஞர்களைத் திறந்த விளம்பரம் கொடுத்து எடுப்பதில்லை. ஜேடி இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் மாணவர்களைச் சுமார் பத்து வாரம் பயிற்சிக்கு எடுத்து, அவர்களுக்கே வேலையும் தருகின்றன. அந்தக் கோடைப் பயிற்சிக்கான நேர்காணல் அதற்கு ஓராண்டு முன்பே, முதலாண்டு முடியும் தறுவாயிலேயே நடந்துவிடுகிறது. ஆக, 2028 இலையுதிர் காலத்தில் வேலையில் சேரப்போகிறவர் யார் என்பது 2026 கோடைக்குள் ஏறத்தாழ முடிவாகிவிடும்.

எல்எல்எம் மாணவர் ஆகஸ்டில் வருகிறார், மறு மே மாதம் பட்டம் வாங்குகிறார். அவருக்கு நடுவில் ஒரு கோடை இல்லை. நிறுவனம் அவரைப் பத்து வாரம் வைத்துப் பார்க்க வழியில்லை. அவர் வரும்போதே அடுத்த ஆண்டுக்கான இடங்களும் நிரம்பிவிட்டன. முதலாண்டு வழக்கறிஞருக்கு 225,000 டாலர் ஆண்டுச் சம்பளம் தரும் அந்த நிறுவனங்களில் எல்எல்எம் பட்டதாரிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் அங்கே போன வழி வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்எல்எம் மாணவர்களுக்கென்றே ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பெரிய நேர்காணல் நிகழ்ச்சி நடக்கிறது. அங்கே வரும் நிறுவனங்களில் கணிசமானவை மாணவரின் சொந்த நாட்டு அலுவலகத்துக்கோ, ஓராண்டு வெளிநாட்டு உதவி வழக்கறிஞர் பணிக்கோதான் ஆள் தேடுகின்றன. அழைப்பு வந்தால், எந்த ஊர் அலுவலகத்துக்கு என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

## தொண்ணூறு நாள் கணக்கு

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவருக்குப் படிப்பு முடிந்ததும் 12 மாதம் தன் துறையில் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஓபிடி என்பது இதுதான். அறிவியல், பொறியியல் பட்டதாரிகளுக்கு இதன் மேல் 24 மாத நீட்டிப்பு கிடைக்கும். சட்டப் படிப்புக்கு அந்த நீட்டிப்பு இல்லை. ஓபிடி காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. இருந்தால் அனுமதி போய்விடும்.

இப்போது ஒரு மாணவரின் நாள்காட்டியை எடுத்துக்கொள்வோம். படிப்பு மே 15 அன்று முடிகிறது. ஓபிடி தொடக்க நாளை, படிப்பு முடிந்த 60 நாளுக்குள் ஏதாவது ஒரு நாளாக அவர் வைத்துக்கொள்ளலாம். முடிந்த அளவு தள்ளினால் ஜூலை 14. பார் தேர்வு ஜூலை கடைசியில். அதற்காக இரவுபகலாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே 90 நாள் ஓடத் தொடங்கிவிடுகிறது. அக்டோபர் 12-ல் அது தீர்கிறது. நியூயார்க் தேர்வு முடிவு வருவதோ அக்டோபர் மாதக் கடைசியில். "தேறிவிட்டேன்" என்று சொல்லி வேலை கேட்கும் நிலை வருவதற்கு முன்பே தங்கும் உரிமை தீர்ந்துபோகிறது. யாரும் திட்டமிட்டு இப்படி அமைக்கவில்லை. இரண்டு அமைப்புகள் ஒன்றையொன்று பார்க்காமல் போட்ட விதிகள் மாணவரின் தலையில் வந்து மோதுகின்றன.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. தன் துறையில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல், தொழிலாளர் சட்டத்தை மீறாமல், சம்பளமில்லாமல் தொண்டு செய்தாலும் இப்போதைய விதிப்படி அது வேலையாகவே கணக்கில் வரும். சட்ட உதவி மையங்களிலும் அரசு சாரா அமைப்புகளிலும் பல எல்எல்எம் பட்டதாரிகள் அந்த இலையுதிர் காலத்தைக் கழிப்பது இதனால்தான். ஆனால் மூன்று நான்கு மாதம் சம்பளமில்லாமல் வாடகை கொடுக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. கல்விக் கடனில் வந்தவருக்கு இந்த மாதங்கள்தான் மிகக் கொடுமையானவை.

அடுத்தது ஹெச்-1பி என்ற வேலை விசா. ஆண்டுக்கு 65,000 விசா, அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. எல்எல்எம் இந்தக் கூடுதல் பிரிவில் சேரும், அது ஒரு நன்மை. ஆனால் விண்ணப்பங்களிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல் மார்ச் மாதம் நடக்கிறது. 12 மாத ஓபிடிக்குள் ஒரே ஒரு மார்ச்தான் வரும். பெயர் விழாவிட்டால் மறு வாய்ப்பு இல்லை. போதாக்குறைக்கு, சம்பள நிலை உயர உயரத் தேர்வாகும் வாய்ப்பும் உயரும்படி 2026-லிருந்து குலுக்கல் முறையை மாற்றியிருக்கிறார்கள். சிறு அலுவலகம் ஒன்று அடிப்படைச் சம்பளத்தில் எடுக்கும் எல்எல்எம் பட்டதாரிக்கு இது பாதகம். 2025 செப்டம்பர் 21 முதல் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு வந்த 100,000 டாலர் கட்டணம், அமெரிக்காவுக்குள் மாணவர் விசாவில் இருந்தபடியே மாறுபவர்களுக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறை விளக்கியுள்ளது. ஊருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து முயல்கிறவருக்குப் பொருந்தும்.

உதவித்தொகையில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபுல்பிரைட் போன்ற திட்டங்களில் வந்தவர், படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு.

## அப்படியானால் யாருக்கு வேலை கிடைக்கிறது?

முதலில், நிறுவனமே அனுப்பி வைத்தவர்கள். ஜப்பான், கொரியா, ஜெர்மனி போன்ற நாடுகளின் பெரிய சட்ட நிறுவனங்கள் நான்கைந்து ஆண்டு அனுபவம் உள்ள தங்கள் வழக்கறிஞர்களை எல்எல்எம்-க்கு அனுப்பி, அதன்பின் நட்பு முறையில் பழகும் அமெரிக்க நிறுவனத்தில் ஓராண்டு உட்கார வைத்து, திரும்ப அழைத்துக்கொள்கின்றன. "எல்எல்எம் முடித்து நியூயார்க்கில் வேலை" என்ற கதைகளில் நல்ல பங்கு இவர்களுடையது. நம் நண்பரின் நண்பருக்குக் கிடைத்தது இந்த வகை வேலையாக இருந்தால், அதைத் தனியாகப் போகிறவர் தனக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, நிறுவனத்துக்குத் தேவையான ஒன்றைக் கையில் கொண்டுவருபவர்கள். லத்தீன் அமெரிக்க நிறுவனங்களின் பங்கு, கடன் பத்திர வெளியீடுகளைக் கையாளும் அலுவலகத்துக்கு ஸ்பானியமோ போர்ச்சுகீசியமோ தெரிந்த, அந்தத் துறையில் ஏற்கெனவே வேலை பார்த்த ஒருவர் வேண்டும். சர்வதேச நடுவர் மன்ற வழக்குகளுக்குக் குடிமைச் சட்டம் தெரிந்தவர் வேண்டும். மேலே சொன்ன 225,000 டாலர் நிறுவனங்களுக்குள் எல்எல்எம் பட்டதாரிகள் நுழைவது பெரும்பாலும் இப்படித்தான். அவர்களை உள்ளே கொண்டுபோவது முந்தைய அனுபவம். எல்எல்எம் அதற்கு ஒரு சாளரம் திறந்து விடுகிறது.

மூன்றாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை: குடியேற்றச் சட்டம். அது கூட்டாட்சிச் சட்டம் என்பதால், ஒரு மாநிலத்தின் உரிமம் பெற்றவர் நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியேற்ற வழக்குகளை நடத்தலாம். தம் மொழி பேசும் மக்கள் வாழும் ஊர்களில் சிறு அலுவலகங்கள் இப்படி நடக்கின்றன. சம்பளம் பெரிதாக இராது. ஆனால் உண்மையான கட்சிக்காரர்களோடு உண்மையான வழக்கறிஞர் வேலை.

உரிமம் தேவைப்படாத வேலைகளும் உண்டு: வங்கிகளில் விதி இணக்கப் பிரிவு, பண மோசடித் தடுப்பு, ஒப்பந்த மேலாண்மை. இவற்றில் சட்ட அறிவு பயன்படும், வழக்கறிஞர் என்ற பட்டப்பெயர் கிடையாது. இதை ஒரு தோல்வியாக நினைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. எல்எல்எம்-ஐத் தொடர்ந்து ஜேடிக்கே மாறுபவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் படித்த சட்டத்துக்கு ஓராண்டு அளவுக்குக் கிரெடிட் தரும் பள்ளிகளில் இரண்டு ஆண்டில் ஜேடி முடியும். செலவு பெருமளவு கூடும், ஆனால் அந்தக் கோடைப் பயிற்சி வாசல் திறக்கும்.

## நியூயார்க் உரிமம் நியூயார்க்கில்தான் பயன்பட வேண்டும் என்பதில்லை

உலகில் நடக்கும் பெரிய கடன் பத்திர வெளியீடுகள், நிதி ஒப்பந்தங்கள் பலவற்றில் "நியூயார்க் சட்டப்படி" அல்லது "இங்கிலாந்துச் சட்டப்படி" என்ற வரி இருக்கும். அந்த ஒப்பந்தங்களைத் தயாரிக்கும் வேலை லண்டன், ஹாங்காங், சிங்கப்பூர் அலுவலகங்களிலும் நடக்கிறது. நியூயார்க் உரிமம் உள்ளவர், அந்த நகரங்களின் விதிப்படி வெளிநாட்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு அங்கே வேலை பார்க்கலாம். அமெரிக்க விசாவின் சுமை இல்லாமல் எல்எல்எம்-க்கு நல்ல பலன் கிடைக்கும் இடம் இது. பார் தேர்வு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர் தோற்றுத் திரும்பியதாக ஊரார் பேசுவது இந்தச் சந்தையை அறியாத பேச்சு.

## இங்கிலாந்து, கனடா, மற்றவை

இங்கிலாந்தில் எல்எல்எம்-க்கும் உரிமத்துக்கும் தொடர்பே இல்லை. சொலிசிட்டர் (அங்குள்ள வழக்கறிஞர்களில் ஒரு பிரிவு) ஆக 2021 செப்டம்பர் முதல் எஸ்க்யூஇ என்ற தேர்வு முறை இருக்கிறது. முதல் கட்டத்தில் 360 கொள்குறி வினாக்கள், இரண்டாம் கட்டத்தில் வாய்மொழியும் எழுத்துமாக 16 செய்முறைப் பணிகள். பொதுவாக இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் தேவை. ஏற்கெனவே வேறு நாட்டில் உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கு அந்த அனுபவ நிபந்தனை இல்லை. சிலருக்கு இரண்டாம் கட்டத்திலிருந்தும் விலக்கு கிடைக்கும். முதல் கட்டத்தை உலகின் பல நகரங்களில் உள்ள தேர்வு மையங்களிலேயே எழுதலாம். இரண்டு கட்டத்துக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறத்தாழ 5,000 பவுண்ட். ஓராண்டு எல்எல்எம் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. சொலிசிட்டர் ஆவது மட்டுமே நோக்கம் என்றால், முதலில் எஸ்க்யூஇ எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

எல்எல்எம் அங்கே தருவது படிப்புக்குப் பிந்தைய தங்கும் காலம்: இப்போது இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அதற்குப் பின் திறன் பணியாளர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்ட். லண்டன் பெருநிறுவனங்கள் இதைத் தாண்டிக் கொடுக்கும், சிற்றூர் அலுவலகங்கள் பெரும்பாலும் கொடுக்காது. பெருநிறுவனங்கள் பயிற்சி இடங்களை இரண்டு ஆண்டு முன்பே நிரப்புவதால், அமெரிக்காவில் பார்த்த நாள்காட்டிச் சிக்கல் இங்கேயும் உண்டு.

கனடாவில் எல்எல்எம் உரிமத்துக்கு நேரடியாக உதவும். வெளிநாட்டுப் பட்டத்தை என்சிஏ என்ற தேசியக் குழு மதிப்பிட்டு, என்னென்ன பாடங்களில் தகுதி காட்ட வேண்டும் என்று பட்டியல் தரும். அந்தப் பாடங்களுக்குத் தனித்தேர்வு எழுதலாம், அல்லது அவற்றை உள்ளடக்கிய எல்எல்எம் படித்து நிறைவு செய்யலாம். தனித்தேர்வு மலிவு, சொந்த நாட்டில் இருந்தபடியே படிக்கலாம். எல்எல்எம் படித்தால் பேராசிரியர்களின் பரிந்துரையும் ஆள் பழக்கமும் கிடைக்கும். முதுகலை மாணவர்களுக்கு, படிப்பு ஓராண்டே ஆனாலும், மூன்று ஆண்டுப் பணி அனுமதி தரும் விதி 2024 பிப்ரவரி 15-லிருந்து நடப்பில் உள்ளது. குலுக்கல் இல்லை. நாள்காட்டி நெருக்கடியும் குறைவு. ஆனால் அதன்பின் மாகாண உரிமத் தேர்வும், ஆர்ட்டிக்ளிங் எனப்படும் பயிற்சியும் உண்டு. கனடாவில் உண்மையான இடுக்கு அந்தப் பயிற்சி இடம் கிடைப்பதுதான்.

ஆஸ்திரேலியாவில் மாநிலச் சேர்க்கை வாரியம் எந்தெந்தப் பாடங்கள் குறைவு என்று சொல்லும். ப்ரீஸ்ட்லி 11 என்று அழைக்கப்படும் பதினொரு அடிப்படைப் பாடங்களை வைத்தே அந்தக் கணக்கு. வழக்கமான எல்எல்எம் பாடங்கள் அதில் சேராது. ஜெர்மனியில் வழக்கறிஞராக இரண்டு அரசுத் தேர்வுகள் வேண்டும். வெளிநாட்டவருக்கான ஓராண்டு எல்எல்எம் அதற்கு ஈடாகாது.

## சேர்க்கைக் கடிதம் வந்ததும் பள்ளியிடம் கேட்க வேண்டியவை

பள்ளியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

1. கடந்த ஆண்டு எல்எல்எம் முடித்த வெளிநாட்டு மாணவர்களில், பட்டம் பெற்று 10 மாதம் கழித்து இந்நாட்டில் சம்பள வேலையில் இருந்தவர்கள் எத்தனை பேர்?
2. அவர்களில், முந்தைய நிறுவனம் அனுப்பி வந்தவர்களைக் கழித்தால் எத்தனை பேர்?
3. அந்த வேலைகளில் ஓராண்டு ஒப்பந்த வேலை எத்தனை, நிரந்தர வேலை எத்தனை? பள்ளியே பணம் கொடுத்து ஏற்படுத்திய இடங்கள் எத்தனை?
4. பார் தேர்வுத் தகுதிக்கான எல்லாப் பாடங்களும் எல்எல்எம் மாணவருக்கு உறுதியாகக் கிடைக்குமா, அல்லது இடம் இருந்தால்தானா?
5. எல்எல்எம் மாணவர்களுக்கென்று தனி வேலைவாய்ப்பு ஆலோசகர் இருக்கிறாரா, ஜேடி மாணவர்களைப் பார்ப்பவரே இவர்களையும் பார்க்கிறாரா?

இரண்டாவது கேள்விக்குப் பல பள்ளிகளிடம் எண் இருக்காது. "எங்கள் பழைய மாணவர்கள் 60 நாடுகளில் பணியாற்றுகிறார்கள்" என்பது போன்ற பதில் வந்தால், அதே கேள்வியைப் பழைய மாணவர்கள் மூன்று நான்கு பேரிடம் நேரடியாகக் கேளுங்கள். உங்களைப் போலவே, எந்த நிறுவனமும் அனுப்பாமல், அதே அளவு அனுபவத்தோடு போனவர்களாக அவர்கள் இருக்கட்டும்.